முழங்கைக்குக் கீழே, மணிக்கட்டுக்கு மேலே

கைக்கென்றே ஒரு பெரிய மருத்துவமனை அந்த நகரத்தில் இருந்தது. தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் அங்கே வேலையில்லை. கை, கை மட்டும்தான். வாசல் வளைவில் ஆளுயர எழுத்தில் ‘உங்கள் கை எங்கள் கையில்’ என்று எழுதி வைத்திருந்தார்கள். உள்ளே போகிறவர்கள் அதைப் படித்துவிட்டு நிம்மதியாகப் போனார்கள். வெளியே வருகிறவர்கள் அதைத் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

அண்ணியை அங்கே கொண்டுபோனது ஒரு காலை நேரத்தில். அண்ணி என்பது அவள் பெயரல்ல. நாத்தனாருக்குத்தான் அவள் அண்ணி. நாத்தனாருக்கு வண்டி இருக்கைகளுக்குத் தோல் உறை வெட்டித் தைக்கிற பட்டறையில் வேலை. அண்ணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சலவைக்கூடத்தில் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்கு நாத்தனார் சுவர் மேலாகத் தலையை நீட்டி, “அண்ணீ!” என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கூப்பிடுவாள். நாளடைவில் சலவைக்கூடம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டது. அவளுடைய அப்பா வயதிருக்கும் மேலாளர்கூட அவளை அண்ணி என்றுதான் கூப்பிட்டார்.

ஓட்டல்களின் படுக்கை விரிப்புகளைப் பிழிகிற உருளையில் அவளுக்கு வேலை. அன்று ஒரு விரிப்பின் ஓரம் சுருண்டது. நீவிவிடப் போன வலது கையை, உருளை விரிப்போடு சேர்த்து இழுத்துக்கொண்டது. பக்கத்தில் நின்றவள் பாய்ந்து பொத்தானை அடித்தபோது, உருளை மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்குப் பாதி வழி ஏறியிருந்தது. பின்பக்கமாக ஓட்டிக் கையை எடுத்தார்கள். தோல் கிழியவில்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே, வளைய வேண்டிய தேவையே இல்லாத ஓர் இடத்தில், கை வளைந்து தொங்கியது.

நாத்தனார் பட்டறையிலிருந்து போட்டது போட்டபடி ஓடி வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த தோல் பையைக்கூட அவிழ்க்கவில்லை. தோல் வெட்டும் கத்தரி, ஊசி, மெழுகு நூல் எல்லாம் அதில் அப்படியே இருந்தன. அண்ணியின் புருஷன், அதாவது நாத்தனாரின் அண்ணன், சரக்குக் கப்பலில் ஏதோ ஒரு கடலில் இருந்தான். ஆகவே கூட வர ஆள் என்று அவள் ஒருத்திதான்.

பதிவு செய்யும் மேசையில் மெலிந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

“எங்க அடி?”

“கையில சார்” என்றாள் நாத்தனார்.

“இங்க வர்ற எல்லாருக்கும் கையிலதாம்மா. கையில எங்க?”

நாத்தனார் காட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். “முழங்கையா, மணிக்கட்டா?”

“ரெண்டும் இல்ல. நடுவுல.”

“நடுவுலன்னு ஒண்ணு கிடையாதும்மா. மொத்தம் நாலு பிரிவு. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல். இதுல ஒண்ணைச் சொல்லுங்க.”

“கண்ணு முன்னாடி உடைஞ்சு தொங்குதே சார், இது தெரியலையா?”

“எனக்குத் தெரியுது.” அவர் கணினியின் மேல் அன்போடு தட்டினார். “இதுக்குத் தெரியல.”

அதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருந்தது. மருத்துவமனை கட்டியபோது நான்கு தலைமை மருத்துவர்களும் உட்கார்ந்து கையைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். முழங்கைத் தலைவர், மூட்டுக்குக் கீழே நாலு விரற்கடை தன்னுடையது என்றார். மணிக்கட்டுத் தலைவர், மூட்டுக்கு மேலே நாலு விரற்கடை தன்னுடையது என்றார். மிச்சமிருந்த நடுப்பகுதியை யாரும் கேட்கவில்லை. முன்கை எலும்பு இரண்டும் சேர்ந்து உடைந்தால் சரியாகக் கூடுவது கடினம். கூடினாலும் உள்ளங்கை மேலே பார்த்துத் திரும்பாமல் போகலாம். ஒவ்வொரு பிரிவின் வாசலிலும் வெற்றி விகிதத்தைப் பலகையில் எழுதி மாட்டும் வழக்கம் இருந்தது. அந்தப் பலகையைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு மனம் வரும்? அதனால் முழங்கைப் பிரிவில் தோல்வி கிடையாது. மணிக்கட்டுப் பிரிவிலும் தோல்வி கிடையாது. தோல்விகள் எல்லாம் நடுவில் இருந்தன. நடு என்று ஒன்று கிடையாது.

முதலுதவிக் கூடத்தில் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை. எக்ஸ்ரே எடுத்ததும் இரண்டு பேர் கையை இழுத்துப் பிடித்தார்கள். ஒருவர் முழங்கைக்கு மேலிருந்து விரல் அடி வரைக்கும் இறுக்கமாக மாவுக்கட்டைச் சுற்றினார். அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

“இவ்வளவு இறுக்கமா போடுறீங்களே, வீங்கினா என்ன பண்றது?” என்று நாத்தனார் கேட்டாள்.

“வீங்குறதெல்லாம் பிரிவுக்குப் போனப்புறம். கட்டு காயற வரைக்கும்தான் எங்க வேலை” என்றார் கட்டுக்காரர். காய்ந்துவிட்டதா என்று விரலால் சுண்டிப் பார்த்தார். டொக்கென்று சத்தம் வந்தது. திருப்தியோடு தள்ளுபடுக்கையை வெளியே தள்ளிவிட்டார்.

முழங்கைக் கட்டடத்தையும் மணிக்கட்டுக் கட்டடத்தையும் ஒரு நீண்ட நடைபாதை இணைத்தது. அதன் நட்டநடுவில் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அந்தப் பக்கத்துத் துப்புரவாளர் கோடு வரை பெருக்குவார். இந்தப் பக்கத்துத் துப்புரவாளரும் கோடு வரை பெருக்குவார். இருவர் தள்ளிய குப்பையும் கோட்டின் மேலேயே கிடந்தது. அண்ணியின் படுக்கையையும் அங்கேதான் நிறுத்தினார்கள், முன்சக்கரம் இரண்டும் முழங்கைப் பக்கம், பின்சக்கரம் இரண்டும் மணிக்கட்டுப் பக்கமாக.

நாத்தனார் முதலில் முழங்கைப் பிரிவுக்கு ஓடினாள். உதவி மருத்துவர் ஒருவர் வழவழப்பான ஒரு மரக்கட்டையோடு வந்தார். அது தலைவரின் நாலு விரல் அகலத்துக்கு இழைத்தது. கட்டையை முழங்கையிலிருந்து வைத்துப் பார்த்தார். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்து, அதன் மேலும் வைத்துப் பார்த்தார்.

“உடைஞ்ச இடம் எங்க எல்லைக்கு வெளியில இருக்கும்மா. மணிக்கட்டுல கேளுங்க.”

மணிக்கட்டுப் பிரிவில் இருந்தவர் கட்டைகூட எடுக்கவில்லை. “பார்த்தாலே தெரியுது, எங்களுது இல்ல.”

“டாக்டர், விரலெல்லாம் வீங்குது.”

“விரலுக்குத் தகுந்த வீக்கம்தானேம்மா, பயப்படாதீங்க.”

“வீக்கத்துக்குத் தகுந்த விரலா இல்லையே டாக்டர். நீலமா இருக்கே!”

“விரல்னா விரல் பிரிவு. மூணாவது மாடி.”

மூன்றாவது மாடியில், விரலில் அடிபட்டிருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை, அடி மேலே, வீக்கம்தான் விரலில் என்றாள் நாத்தனார். அப்படியென்றால் அடிபட்ட இடத்தில் போய்ப் பாருங்கள் என்று கையை விரித்துவிட்டார்கள். சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்கள். நாத்தனார் மாடி மாடியாக ஏறினாள். சறுக்கிய முழம் மட்டும் அண்ணியின் உடம்பில் இருந்தது.

சாயங்காலம் அந்த வழியாக ஓர் இளம் மருத்துவர் தேநீர்க் குவளையோடு வந்தார். அண்ணி முனகுவதைக் கேட்டு நின்றார். கட்டுக்கு வெளியே தெரிந்த நகத்தை அழுத்திவிட்டுத் தன் விரலை எடுத்தார். வெளுத்த நகம் வெளுத்தபடியே இருந்தது. அவர் முகமும் அப்படியே வெளுத்தது.

“கட்டைப் பிளக்கணும்” என்றார், யாரிடமும் சொல்லாத மாதிரி. “உள்ள தசை வீங்குது. தசையைச் சுத்தி ஒரு உறை இருக்கும், அது விரிஞ்சு கொடுக்காது. அதுக்கு மேல மாவுக்கட்டு. ரத்தம் போக வழியில்லாம உள்ளயே தசை சாகும்.”

“அப்போ பிளந்துவிடுங்களேன் தம்பி! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நான் தோள்.”

“தோளா?”

“தோள் பிரிவு. இதைத் தொட்டா என்னைத் தொலைச்சுடுவாங்க. முன்னாடி ஒருத்தர் தொட்டார். இப்போ எங்க இருக்கார்னே தெரியல.” அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

போகிறபோது அண்ணியின் தோளை மட்டும் ஆறுதலாக ஒரு தடவை தட்டிக்கொடுத்தார். அது அவர் எல்லைக்குள் இருந்தது.

அந்த இரவை அண்ணி பிற்பாடு யாரிடமும் விவரித்ததில்லை. பிரசவத்தைவிடவா என்று ஒருத்தி கேட்டபோது, “பிரசவம் முடியும்னு தெரியும்ல” என்றாள், அவ்வளவுதான். நாத்தனார் பொழுது விடிகிறவரை ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தாள். எல்லாக் கதவும் மரியாதையாகத் திறந்து மரியாதையாக மூடின.

காலையில் முழங்கைத் தலைவர் மாணவர்கள் புடைசூழ வந்தார். பருத்த, சிரித்த முகமுள்ள மனிதர். கோட்டின் மேல் கிடந்த அண்ணியைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. சிகிச்சைக்குத்தான் எல்லை உண்டு, பாடத்துக்குக் கிடையாது.

“எல்லாரும் கிட்ட வாங்க. இப்படி ஒண்ணைப் பார்க்குறது அபூர்வம். முன்கையில இருபது தசை இருக்கு. முன்பக்கம் இருக்குறது விரலை மடக்கும், பின்பக்கம் இருக்குறது நீட்டும். இப்போ முன்பக்கத்துல அழுத்தம் ஏறியிருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் இந்த நடுவிரலை மெதுவா நீட்டுறேன், பாருங்க.”

அண்ணி போட்ட கூச்சலில் நடைபாதையின் இரண்டு முனையிலும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“பார்த்தீங்களா? புத்தகத்துல இருக்கிற மாதிரியே!” தலைவர் பெருமையோடு விரலை விட்டார். “யாராவது பார்க்கலைன்னா சொல்லுங்க, இன்னொரு தடவை காட்டுறேன்.”

“பார்த்துட்டோம் சார்” என்று ஒரு மாணவி அவசரமாகச் சொன்னாள். பிறகு தயங்கி, “சிகிச்சை என்ன சார்?” என்றாள்.

“கட்டைப் பிளக்கணும். அதுல அடங்கலைன்னா தோலையும் உறையையும் நீளவாட்டுல கீறிவிடணும். உடனே பண்ணணும். தாமதமானா தசை செத்து, நாரா சுருங்கிடும். விரல் கொக்கி மாதிரி மடங்கிக்கும். அப்புறம் ஆயுசுக்கும் நீட்ட முடியாது.”

“அப்போ இவங்களுக்கு...”

“இவங்க நம்ம நோயாளி இல்லம்மா. நான் சொன்னது பொதுவா.”

மாணவர்கள் எல்லோரும் ‘பொதுவாக’ என்று எழுதிக்கொண்டார்கள். நாத்தனார் தலைவரின் காலில் விழப் போனாள். அவர் பதறிப்போய் விலகினார். கல் நெஞ்சக்காரர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. அவர்தான் நிறுவனத் தலைவரிடம் பேசி, அன்றைக்கே ஒரு கூட்டுக் கூட்டத்துக்கு ஏற்பாடு செய்தார். நடைபாதையை ஒட்டியிருந்த கண்ணாடி அறையில் கூடினார்கள். நிறுவனத் தலைவரும் நான்கு பிரிவுத் தலைவர்களும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அண்ணியைப் படுக்கையோடு உள்ளே தள்ளி, மேசையின் கடைக்கோடியில் நிறுத்தினார்கள். தோள் பிரிவுத் தலைவருக்குக் கோப்பு மூட்டை தூக்க வந்த அந்த இளம் மருத்துவர் சுவரோரம் நின்றார்.

நிறுவனத் தலைவர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். “நண்பர்களே, முன்கை என்பது ஓர் உறுப்பே அல்ல. இரண்டு மூட்டுகளுக்கு இடையே இயற்கை விட்டுவைத்திருக்கும் தூரம், அவ்வளவுதான். இயற்கை செய்த நிர்வாகக் குறைபாடு என்றுகூட நான் சொல்லுவேன். அந்தக் குறைபாட்டுக்காக நம் நிறுவனம் பழி சுமக்க முடியாது. ஆனாலும் மனிதாபிமானம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு இன்று அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.”

முழங்கைத் தலைவர் தாராள மனதோடு தொடங்கினார். “முன்கையில் இரண்டு எலும்பு. சுண்டுவிரல் பக்கம் அல்னா, கட்டைவிரல் பக்கம் ரேடியஸ். அல்னா முழங்கையில் பருத்து, மணிக்கட்டில் மெலிகிறது. ஆகவே அல்னாவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.”

மணிக்கட்டுத் தலைவர் சளைத்தவரா? “ரேடியஸ் முழங்கையில் ஒரு பொத்தான் அளவுதான். மணிக்கட்டில்தான் அகலமாகிறது. ரேடியஸை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என்னிடம் திங்கள்கிழமைதான் அறுவை அரங்கு காலி.”

“எனக்கு வியாழன்” என்றார் முழங்கை.

“அதனாலென்ன? ஒரு எலும்பு வியாழன், ஒரு எலும்பு திங்கள்” என்றார் நிறுவனத் தலைவர். “ரெண்டுக்கும் நடுவில் ஏதோ சவ்வு இருக்கிறதே?”

“அதை ஒத்திவைக்கலாம்.”

“தசைகள்?”

விரல் பிரிவுத் தலைவர் மென்மையான குரலில் பேசினார். “மடக்கும் தசைகள் முழங்கையருகே தொடங்கி விரலில் முடிகின்றன. முடிகிற இடம்தான் எங்களுடையது. இப்போது அவை செத்துக்கொண்டிருப்பது நடுவில். சாவு விரலை எட்டியதும் சொல்லி அனுப்புங்கள், ஓடி வருகிறோம்.”

“நாடித்துடிப்பு எங்கள் எல்லையில்தான் வருகிறது” என்று மணிக்கட்டுத் தலைவர் நினைவூட்டினார். “இருக்கிறதா, இல்லையா என்று பார்த்துச் சொல்ல நாங்கள் எப்போதும் தயார். இல்லையென்றால், ஏன் இல்லை என்பதை மேலே இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.”

சுமுகமாக முடிந்ததில் நிறுவனத் தலைவருக்கு மகிழ்ச்சி. எல்லோரும் கைதட்டினார்கள். பத்துக் கைகள். பத்தும் நன்றாக விரிந்து, நன்றாக மூடின.

அதுவரை முனகிக்கொண்டிருந்த அண்ணி அப்போது கண்ணைத் திறந்தாள். “வலி விட்டுருச்சு” என்றாள் மெல்ல. “இப்போ ஒண்ணும் தெரியல. கையே இல்லாத மாதிரி இருக்கு.”

“பார்த்தீர்களா!” என்றார் நிறுவனத் தலைவர்.

நாத்தனார் அவரைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்ற இளம் மருத்துவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடித் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு போதுமாக இருந்தது. இடுப்புப் பையிலிருந்து கத்தரியை எடுத்தாள்.

எருமைத் தோலை இரண்டு மடிப்பாக வெட்டிப் பழகிய கை அவளுடையது. மாவுக்கட்டின் விளிம்பில் கத்தரியைச் செருகி நெம்பினாள். கட்டு பொடிப்பொடியாக உதிர்ந்து விரிசல் விட்டது.

“ஏம்மா! ஏம்மா! அது எங்க நாலு விரற்கடை!” என்று மணிக்கட்டுத் தலைவர் எழுந்துவிட்டார்.

“உங்க விரற்கடைய நீங்களே வச்சுக்குங்க. எங்க அண்ணி கையக் குடுங்க!”

“மாவுக்கட்டு நிறுவனத்தின் சொத்து!” என்று கத்தினார் நிறுவனத் தலைவர். “காவலாளியைக் கூப்பிடுங்கள்!”

காவலாளி வருவதற்குள் கட்டு முழங்கை வரைக்கும் பிளந்துவிட்டது. உள்ளேயிருந்த கை வெளியே தெரிந்தது. பளபளவென்று, பலகை மாதிரி விறைத்து, கொப்புளம் கொப்புளமாக இருந்தது. விரல்கள் மெழுகு நிறத்தில் இருந்தன. நாத்தனார் தன் மேல்துணியை அவிழ்த்து அதைச் சுற்றினாள். அண்ணியை எழுப்பித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். கட்டைப் பிளக்கக் கூடாது என்று சொல்ல அங்கே ஐந்து பேர் இருந்தார்கள். பிளந்த பிறகு என்ன செய்வது என்று சொல்ல ஒருவரும் இல்லை.

வாடகை வண்டி பிடித்து ஊர்ப் பொது ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சுவர் காரை பெயர்ந்த கட்டடம். அங்கே பிரிவுகள் கிடையாது. பிரிக்க இடம் கிடையாது. உடைந்த எலும்பெல்லாம் பார்க்கிற அறுவை மருத்துவர் ஒருவர் இருந்தார், மூன்று நாள் தாடியோடு. கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எப்ப அடிபட்டுச்சு?”

“நேத்துக் காலையில.”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, “உள்ள கொண்டு வாங்க” என்றார்.

முன்கையின் நீளத்துக்கும் கீறி, உறையைத் திறந்து, எலும்பு இரண்டையும் ஒரே மேசையில் ஒரே நேரத்தில் பொருத்தி நிறுத்தினார். வெளியே வந்தபோது அவருடைய அங்கி நனைந்திருந்தது. “கை தங்கிடும்மா. விரல் வேலை செய்யுமான்னு சொல்ல முடியாது. நேத்தே கொண்டுவந்திருந்தா...”

“நேத்து நாங்க பெரிய ஆஸ்பத்திரியில இருந்தோம்” என்றாள் நாத்தனார்.

கை தங்கியது. எலும்பு கூடியது. முழங்கைக்கு நாலு விரற்கடை கீழிருந்து மணிக்கட்டுப் பக்கமாக ஒரு தடித்த தழும்பு ஓடியது. ஆனால் விரல்கள் நாளுக்கு நாள் உள்நோக்கிச் சுருண்டன. ஒவ்வொரு காலையும் நாத்தனார் வெந்நீரில் துணியை நனைத்து அவற்றைப் பிரித்துப் பார்ப்பாள். விட்டதும் அவை திரும்பவும் மடங்கிக்கொள்ளும். கப்பல்காரன் வந்து, மனைவிக்குத் தலைவாரிவிடக் கற்றுக்கொண்டான். கோணல் வகிடும் குண்டும் குழியுமான பின்னலுமாகப் போனாள் அவள். இடது கையால் சாப்பிட, எழுத, ரவிக்கைக் கொக்கி மாட்ட, எல்லாவற்றையும் பாலர் வகுப்பிலிருந்து தொடங்கினாள். கொக்கி மட்டும் கடைசிவரை வரவில்லை.

சலவைக்கூட மேலாளர் நல்லவர்தான். மடிக்கிற மேசையில் இலேசான வேலை போட்டுத் தருகிறேன் என்றார். ஆனால் கை இயங்காது என்று சான்று வேண்டும், இல்லாவிட்டால் மேலிடத்தில் உருளை வேலைக்கே திரும்பப் போடச் சொல்லுவார்கள். கைக்கான சான்றைத் தருகிற அதிகாரம் ஊரிலேயே ஒரே ஒரு இடத்துக்குத்தான் இருந்தது. எந்த இடம் என்று சொல்ல வேண்டியதில்லை.

அதே கண்ணாடி அறை. அதே மேசை. இந்தத் தடவை அண்ணிக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். நாத்தனாரின் இடுப்புப் பையை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

தோள் பிரிவுத் தலைவர் அண்ணியின் கையை மேலே தூக்கி இறக்கினார். “தோளில் குறையில்லை.”

முழங்கைத் தலைவர் மடக்கி நீட்டினார். “அருமையாக மடங்குகிறது. குறையில்லை.”

மணிக்கட்டுத் தலைவர் எக்ஸ்ரேயைப் பார்த்தார். “மூட்டு முத்து மாதிரி இருக்கிறது. குறையில்லை.”

விரல் பிரிவுத் தலைவர்தான் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு கணுவாகத் தடவிப் பார்த்தார். “விரல்களில் எந்த நோயும் இல்லை. எலும்பு, மூட்டு, நகம் எல்லாம் நன்றாக இருக்கின்றன. அவை மடங்கியிருப்பது அவற்றின் தவறு அல்ல.”

நிறுவனத் தலைவர் நான்கையும் கூட்டினார். “ஆக, குறைபாடு எதுவுமில்லை. வாழ்த்துகள் அம்மா.”

“சார், இந்தத் தழும்பு?” என்றாள் நாத்தனார்.

“நானும் கவனித்தேன்” என்றார் முழங்கைத் தலைவர் அனுதாபத்தோடு. “சரியாக எங்கள் எல்லை முடிகிற இடத்தில்தான் தொடங்குகிறது.”

அண்ணி எப்போதும் அதிகம் பேசாதவள்.  எழுந்து மேசையருகே போய், அவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று வலது கையை நிறுவனத் தலைவரின் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

அவர் நாற்காலியோடு பின்னால் சரிந்தார். “அடிக்க வருகிறாள்! முஷ்டியை ஓங்குகிறாள்!”

“ஐயோ, காட்டத்தான் சார் தூக்கினேன்...”

காவலாளி ஓடி வந்தான். “விரலைப் பிரி! முதல்ல விரலைப் பிரி!”

“பிரிக்க முடிஞ்சா நான் எதுக்கு இங்க வர்றேன்?” என்றாள் அண்ணி.

நிறுவனத் தலைவர் மூச்சு வாங்கியபடி எழுத்தரிடம் சொன்னார். “எழுதுங்கள். விண்ணப்பதாரர் முஷ்டியை ஓங்கினார். பிரிக்கும்படி சொல்லியும் பிரிக்க மறுத்துவிட்டார். கையில் நல்ல பலம் இருப்பதாகத் தெரிகிறது.”

இனி இந்த வளாகத்துக்குள் இருவரும் காலெடுத்து வைக்கக் கூடாது என்று உத்தரவாயிற்று. வெளியே கொண்டுபோய் விட்டுவிட்டு வரும்படி காவலாளியிடம் ஒப்படைத்தார்கள். நாத்தனார் வழிநெடுக வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு வந்தாள். அண்ணிக்கு அது எதுவும் காதில் விழவில்லை. திங்கட்கிழமை உருளைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது மட்டும்தான் அவள் மனதில் இருந்தது. 

நடைபாதையின் நடுவில் ஒரு தள்ளுபடுக்கை கிடந்தது. அதில் ஓர் ஆள், கூரை வேய்கிறவன் போல, உடம்பெல்லாம் தார்க்கறை. முழங்கைக்கு மேலிருந்து விரல் அடி வரைக்கும் புத்தம்புது மாவுக்கட்டு. அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கூட யாருமில்லை. மருத்துவர்கள் இருவர் அவனைச் சுற்றிக்கொண்டு இரண்டு பக்கமும் போனார்கள்.

அண்ணி நின்றாள். இடது கையால் அவனுடைய நடுவிரலைத் தொட்டு, மிக மெல்ல நீட்டினாள். அவன் அலறிவிட்டான்.

“இவரு எந்தப் பிரிவு?” என்று காவலாளியைக் கேட்டாள்.

“இன்னும் முடிவாகல. நீங்க நடங்க.”

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் ஏசுவதை நிறுத்தினாள். படுக்கையின் கால்மாட்டுக்குப் போனாள். அண்ணி தலைமாட்டுக் கம்பியை இடது கையால் பிடித்தாள். வலது கையை அதன் மேல் வைத்து அழுத்தினாள். மடங்கிய நாலு விரலும் கொக்கி மாதிரி கம்பியில் மாட்டிக்கொண்டன. மஞ்சள் கோட்டைத் தாண்டிச் சக்கரங்கள் உருண்டன.

காவலாளிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்த இரண்டு பெண்களையும் வெளியே அனுப்பச் சொன்னார்கள். படுக்கையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. இவர்கள் வெளியேதான் போய்க்கொண்டிருந்தார்கள். யோசித்துப் பார்த்துவிட்டு அவனே முன்னால் போய் வாசற்கதவைத் திறந்துவிட்டான்.

தெருவில் வண்டிகள் ஒலி எழுப்பின. ஆட்கள் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பொது ஆஸ்பத்திரிக்கு இரண்டு தெரு தாண்ட வேண்டும். பள்ளத்தில் சக்கரம் இறங்கும்போதெல்லாம் அந்த ஆள் துடித்தான். அண்ணியின் வலது விரல்களுக்குக் கம்பி சில்லென்று இருக்கிறதா, சுடுகிறதா என்றுகூடத் தெரியவில்லை. ஆனால் பிடி நழுவவில்லை.

“ரொம்ப வலிக்குதா?” என்று குனிந்து கேட்டாள்.

“உயிர் போகுதுக்கா.”

“வலிக்கட்டும்” என்றாள் அண்ணி. “வலிக்கிற வரைக்கும் நேரம் இருக்கு.” பிறகு நிமிர்ந்து, முன்னால் இழுத்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் சொன்னாள். “வேகமா இழுடி.”